வடிந்த பின் வெளியேறவும்

கோயம்புத்தூரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. போன மாதம் அங்கே போயிருந்தபோது, முதுகுவலிக்கு நல்லது என்று அதில் இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தேன். நீந்தவில்லை, நடந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஏறும்போது ஏணியின் மேல்படியில் நின்று முதலில் ஒரு காலை உதறினேன், பிறகு மறு காலை. கால்சட்டையின் ஓரங்களைக் குளத்துக்குள்ளேயே பிழிந்தேன். தலையில் மிச்சமிருக்கும் முடியையும் பிழிந்தேன். பிறகு இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, விரல் நுனியில் சொட்டுவது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். காவலாளி ஓடி வந்து, மயக்கம் வருகிறதா சார் என்று கேட்டார்.

"இல்லப்பா, வடியுறேன்" என்றேன்.

அவர் என் மகளுக்குப் போன் போட்டுவிட்டார். அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பெரியம்மா இன்னும் உங்கள விடல போலப்பா" என்றாள்.

பெரியம்மா என்று அவள் சொன்னது எங்கள் மதினியை. என் பெரியப்பா மகனின் மனைவி. நீச்சல் குளம் கட்டி, அதில் யாரும் குதிக்கக் கூடாது என்று சட்டம் போட்ட முதலாளி, எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அருப்புக்கோட்டைப் பக்கம், பந்தல்குடி ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில், அவர்கள் புஞ்சைக் காட்டில், அந்தக் குளம் இருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு 'டைல்ஸ் கிணறு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசலில் நீலப் பலகையில் நான்கு வரி எழுதியிருக்கும். ஏணி வழியாக இறங்கவும். குதிக்கக் கூடாது. தண்ணீரை அடிக்கக் கூடாது. வடிந்த பின் வெளியேறவும்.

வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று மதினிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். என் எழுத்துகளிலேயே அதிகம் பேர் படித்ததும், படித்தபடி நடந்ததும் அந்த நான்கு வரிகள்தான்.

மதினிக்குத் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். அந்த ஊரில் தண்ணீர் எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவர் வீட்டில் தண்ணீர் கேட்டால் டம்ளரில் பாதிதான் வரும். "குடிங்க. வேணும்னா ஊத்துறேன்" என்பார். முழு டம்ளர் கொடுத்து, பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாசலில் விசிறுகிற ஆட்கள் அவருக்குக் கொலைகாரர்கள். நான் ஒருமுறை அப்படி விசிறிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு எந்த வீட்டிலும் மிச்சம் வைக்காமல் குடிக்கிறேன். இதனால் கல்யாண வீடுகளில் எனக்கு ஏற்படும் சிரமங்களைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு என்பதெல்லாம் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். மதினி ஒருபடி மேலே. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவார். மழை பெய்கிற அபூர்வமான நாளில் குடையோடு வருகிற விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி, குடையை வாளிக்குள் மடக்கச் சொல்வார். இப்படிப்பட்ட ஒருவரிடம், லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை வெயிலில் திறந்துபோட்டு வைத்திருக்கும் தொழில் வந்து சேர்ந்தது. விதி என்று எழுதலாம். ஆனால் அது விதி இல்லை, எங்கள் அண்ணன்.

அண்ணன் அரபு நாட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் மோட்டார், ஏசி பராமரிப்பு வேலையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர்கள் குடும்பம் முக்கால்வாசி போனிலேயே நடந்தது. அந்த ஹோட்டலில் உப்புத் தண்ணீர் நீச்சல் குளம் ஒன்று இருந்ததாம். குளோரின் டப்பா தூக்க வேண்டியதில்லை, கண் எரியாது, தண்ணீரில் உப்பைப் போட்டால் போதும், மிச்சத்தை மிஷினே பார்த்துக்கொள்ளும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழகத் தண்ணீரே இல்லை, நாம் ஒன்று கட்டினால் அருப்புக்கோட்டையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வருவார்கள் என்று அங்கிருந்தே யோசித்து, அங்கிருந்தே பணம் அனுப்பி, அங்கிருந்தே கட்டினார்.

ஏற்பாடு இதுதான். சித்திரையில் லீவில் வருவார். குளம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அப்படியே இருந்துவிடுவார். இல்லையென்றால் திரும்பிப் போகும் டிக்கெட் கையிலேயே இருக்கும். போனால் இன்னும் எத்தனை வருஷமோ. இதை மதினி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் மோட்டார் ரூமைப் பெருக்கிக்கொண்டே.

"இந்தக் கொளம் நல்லாருந்தா அவுக இருப்பாக. இல்லன்னா மறுபடி போனுதான்."

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அப்படிப் பிரித்தவர் சித்திரை மாதத்தில் அருப்புக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருக்க மாட்டார். எங்களுக்கு அந்த மாதிரிப் பருவம் ஏதாவது உண்டென்றால் அது மாசிக் கடைசியில் ஒரு பத்து நாள். அந்தப் பத்து நாளில்தான் குளத்துக்குத் தண்ணீர் விட்டார்கள்.

போர்வெல் தண்ணீர், அதுவே உப்பு. அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்ட வேண்டும் என்று மிஷின் பொருத்த மதுரையிலிருந்து வந்த பிட்டர் சொன்னபோது, வேடிக்கை பார்க்க வந்திருந்த பந்தல்குடி டீக்கடைக்காரர், அடுத்து புளியும் மிளகும் எப்போது போடுவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். தாலுகா பூராவும் உப்புத் தண்ணீரிலிருந்து தப்பிக்க லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கையில், இங்கே தூத்துக்குடியிலிருந்து லாரியில் உப்பு வந்து இறங்கியது. ஊருக்கு அது பெரிய பொழுதுபோக்கு.

தண்ணீர் நிரம்பிய அன்று சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். புது போரில் தண்ணீர் வந்தால் பால் ஊற்றிக் கும்பிடுவது வழக்கம். ஆளுக்கொரு செம்பு கொண்டுவந்திருந்தார்கள். பிட்டர் சாப்பிடப் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது குளம் மோர் நிறத்தில் இருந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இதை அப்படியே வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும் என்றார்.

"பால்தான ஊத்துனாக. பூச்சிமருந்தா ஊத்துனாக?" என்று கேட்டார் மதினி. வெளியேற்றுவது என்ற சொல்லை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஏதேதோ மருந்து போட்டு, மோட்டாரை இரவு பகலாக ஓட்டி, தெளிவதற்குள் பிட்டருக்கு எங்கள் ஊர் ஓட்டலின் எல்லாச் சாம்பாரும் பழகிவிட்டது. போகும்போது, கம்பெனி கொடுத்த விளக்கப் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் படிக்கிற ஆள் என்று மதினி என்னைக் காட்டியிருந்தார். நீந்தத் தெரியாத நான் நீச்சல் குளத்துக்கு ஆலோசகர் ஆனது இப்படித்தான்.

புத்தகத்தின்படி விஷயம் சுலபம். மோட்டார் ரூமில் ஒரு பெட்டி. உப்புக் கரைந்த தண்ணீர் அதன் வழியாக ஓடும்போது மின்சாரம் பாய்ந்து, தண்ணீரைச் சுத்தம் செய்கிற குளோரின் தானாக உண்டாகும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு. உப்பு குறைந்தாலோ கூடினாலோ சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டி வேலையை நிறுத்திவிடும். பக்கத்தில் மணல் நிரப்பிய ஒரு தொட்டி. அது அழுக்கைப் பிடிக்கும். வாரம் ஒருமுறை கைப்பிடியைத் திருப்பினால் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடி, பிடித்த அழுக்கையெல்லாம் வெளியே தள்ளிவிடும்.

"வெளியேன்னா?" என்று கேட்டார் மதினி.

வெளியே என்றால் வெளியேதான், சாக்கடைக்கு என்றேன். எவ்வளவு போகும் என்றார். ஒரு அஞ்சாறு டிரம் போகும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது. அன்று முதல் வாரா வாரம் அந்த அழுக்குத் தண்ணீரை டிரம்களில் பிடித்து, மண்டி அடியில் தங்கும்வரை வைத்திருந்து, மேல் தண்ணீரை மோந்து மறுபடி குளத்திலேயே ஊற்றினார். நான் புத்தகத்தைத் திறந்து, ஊற்றக் கூடாது என்று போட்டிருக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்டினேன்.

"அவுக ஊர்ல மழ பெய்யும், கொழுந்தனாரே. எழுதுவாக" என்றார்.

மண்டியைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். கறிவேப்பிலை செத்தது. கொய்யாவுக்கு ஊற்றினார். அதுவும் செத்தது. அதற்குப் பிறகு ஊற்ற மரம் இல்லாததால் கக்கூஸ் கழுவ வைத்துக்கொண்டார்.

பங்குனியில் குளம் திறந்தது. கூட்டம் வரத்தான் செய்தது. பாலவனத்தத்திலிருந்து வேனில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள், மதினியைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். அவர் குளத்து ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தரை துடைக்கும் ரப்பர் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் கையை ஓங்கித் தண்ணீரை அடித்தாலும் "யாருப்பா அது" என்று ஒரு குரல் வரும். பெண்கள் நேரத்தில், "முடியப் புழிஞ்சுட்டு ஏறு தாயி, அங்கன வச்சே புழி" என்பார். பிழிந்த எண்ணெயும் சீயக்காயும் குளத்தில் மிதக்கும். சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறது மதினி என்று நான் ஆரம்பித்தால், அதுக்குத்தான் மிஷினு இருக்கே என்று முடித்துவிடுவார்.

வீரசோழனிலிருந்து ஒரு ஜவுளிக்கடை பாய் வருவார். நல்ல பாரியான உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சின்ன வயதில் கிணற்றில் மேலிருந்து குதித்தவர். முதல் நாள் பலகையைப் படிக்காமல், நான்கடி பின்னால் போய் ஓடிவந்து, மடக்கிய முழங்காலோடு விழுந்தார். குளம் இரண்டு பக்கமும் எழுந்து நின்று, வெளியே வந்து, மோட்டார் ரூம் வாசல் வரை போனது. பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது மதினி நாற்காலியில் இல்லை. ரப்பர் கட்டையோடு குனிந்து, ஓடிய தண்ணீரை ஒரு இழுப்பு விடாமல் குளத்துக்குள் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தார். அதோடு தரைத் தூசி, இரண்டு எறும்பு, யாரோ போட்ட நெல்லிக்காய்க் கொட்டை எல்லாம் உள்ளே போனது.

"ஏம்மா, இது நீச்சக் கொளமா, ஆஸ்பத்திரியா?" என்றார் பாய்.

"ஆஸ்பத்திரிதான் பாய். மொள்ளமா எறங்குங்க."

பாய் ஏணி வழியாக ஏறினார். வடிந்தார். அவ்வளவு பெரிய உடம்பு வடிந்து முடிக்க நேரமாகும். கைகளை நீட்டிக்கொண்டு நின்ற அவரைப் பார்க்க, காயப்போட்ட பெரிய துணி மாதிரி இருந்தது. திரும்ப வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மச்சான்மார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களை அவரே வரிசையாக நிறுத்தி வடியவைத்தார்.

இதற்கிடையில் குளத்தில் தண்ணீர் தினமும் குறைந்தது. வெயில் குடிக்கிறது என்று நான் சொன்னேன். மதினி நம்பவில்லை. இம்புட்டையுமா குடிக்கும் என்றார். முதலில் டைல்ஸில் கசிவு என்றார், பிறகு ஆடு என்றார், பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் மேலேயே சந்தேகப்பட்டார். ஒரு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து காவல் காத்தார். யாரும் வராமலே தண்ணீர் ஒரு விரல் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட மறுநாளே லாரித் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து குளத்தை மூடினார். சாயங்காலம் திறந்தால் தண்ணீரில் ஆவி பறந்தது. இறங்கிய பாலவனத்தத்து ஆள் ஒருவர், சோப்பு போட்டுக் குளித்துவிடட்டுமா என்று கேட்டார்.

குறைந்ததற்கெல்லாம் போரிலிருந்து தண்ணீர் விட்டார். போர் தண்ணீரிலேயே உப்பு. அதோடு, பராமரிப்பு என்றால் அவ்வப்போது உப்பு போட வேண்டும் என்று பிட்டர் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உப்பு லாரி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு மூட்டை இறக்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும் என்று புத்தகம் சொல்கிறதே என்றேன். கரைஞ்சது கரைஞ்சதுதான, அப்புறம் எங்க இருக்கும் என்றார்.

பங்குனி முடியும்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்று உப்பு இறக்க வந்த தூத்துக்குடி டிரைவர் குளத்தோரம் குனிந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். இறக்கிய மூட்டையை மறுபடி லாரியிலேயே ஏற்றினார். "ஏக்கா, இதத்தான நாங்க அங்க பாத்தி கட்டிச் செய்யிறோம். நீங்க டைல்ஸ் ஒட்டிச் செய்றிய" என்றார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிட்டருக்குப் போன் போட்டேன். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீர் விடுங்கள், வேறு வழி இல்லை என்றார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். மதினி கையை நீட்டிப் போனை அணைத்தார், ஏதோ அடுப்பை அணைக்கிற மாதிரி.

பெட்டி வேலை செய்யாததால் தண்ணீர் நாலு நாளில் பாசிப்பயறு நிறத்துக்கு வந்தது. வந்த வேன்கள் திரும்பிப் போயின. அண்ணன் வருவதற்குப் பத்து பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான் தினமும் போய் மன்றாடினேன். எனக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று எனக்கே தெரியாது. திறந்துவிடுங்கள் மதினி, ஒரு தடவைதானே, அண்ணன் வந்து இதைப் பார்த்தால் அடுத்த பிளைட்டில் போய்விடுவார் என்றேன்.

"எங்க விட? அங்கிட்டு அவுக மல்லி போட்டுருக்காக, இங்கிட்டு இவுக பருத்தி போட்டுருக்காக. இந்த உப்ப விட்டா மண்ணு மண்ணா இருக்குமா?"

அப்படியென்றால் டிரம்மில் ஏற்றி எங்காவது கொண்டுபோய் விடலாம், லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றலாம் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஊரே கொடத்தோட நிக்கிது. நான் அந்தத் தண்ணிய லாரியோட வாங்கி, குளிக்கிற கொளத்துல ஊத்துறதா? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக நடுவுல போயி நிப்பேன்?"

சரி, வேறு என்னதான் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். மதினி வானத்தைப் பார்த்தார். மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார்.

சித்திரை பிறக்கப் போகிறது. அருப்புக்கோட்டை. மழை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, விளக்கப் புத்தகத்தைப் பரணில் போட்டேன்.

அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிற நேரம் எனக்குத் தெரியும். மறுநாள் நான் போனபோது பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, குளம் தெரியாதபடி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அண்ணன் பலகையைப் பார்த்தார், புது நாற்காலிகளைப் பார்த்தார், தண்ணீரைக் காட்டு என்றார். மதினி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மறுபடியும், தண்ணியக் காட்டு என்றார்.

"தண்ணியப் பாக்கப் போன் போட்டீகளா, என்னையப் பாக்கப் போட்டீகளா?"

அந்தப் பக்கம் அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிப்பது கேட்டது. இந்தப் பக்கம் மதினி சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றார். "பொய் சொல்ல வச்சுருச்சு, இந்தத் தண்ணி" என்றார். அவ்வளவு நாளில் தண்ணீரைப் பற்றி ஒரு குறை அவர் வாயில் வந்தது அன்றுதான். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மண்பாதையில் கல்குவாரி லாரி ஒன்று போய், கிளம்பிய புழுதி எங்கள் இரண்டு பேர் மேலும் பச்சைத் தண்ணீர் மேலும் இறங்கியது.

அந்தப் பாதையில் குவாரி லாரிகள் நாள் முழுக்கப் போகும். புழுதியால் மதினிக்கும் குவாரி மேனேஜருக்கும் ஏற்கெனவே சண்டை. பாதையில் தண்ணீர் தெளிக்கிறோம் என்று அவர்கள் காலையும் மாலையும் ஒரு டேங்கர் விடுவார்கள். தெளித்த கொஞ்ச நேரத்தில் காய்ந்து, பழையபடி பறக்கும். குவாரிப் பள்ளத்தில் போன மழைக்குத் தேங்கிய தண்ணீர்தான் அது. கல் உடைப்பதற்கு இடைஞ்சல் என்று அதை எப்படியும் இறைத்தே ஆக வேண்டும்.

மதினி முகத்துப் புழுதியைச் சேலையால் துடைத்துவிட்டு, அந்த உப்பு லாரிக்காரன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். நானே போன் போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. உங்க ஊர் உப்பளத்துக்குள்ள லாரி போற ரோட்டுல புழுதி பறக்குமா, பறக்காதா? பறக்காது, உப்புத் தண்ணி பட்ட மண்ணு லேசுல காயாது என்று அவர் சொல்லிவிட்டு, எதுக்குக்கா என்றார். மதினி அதற்குள் செருப்பைப் போட்டிருந்தார்.

குவாரி மேனேஜரிடம் என்ன பேசினார் என்பது எனக்கு முழுக்கத் தெரியாது. வாசலில் நின்றிருந்த எனக்குக் குரல்தான் கேட்டது, அதுவும் ஒரு குரல்தான். சாயங்காலமே டேங்கர் வந்தது. குளத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய் மண்பாதையில் தெளித்தது. திரும்பும்போது பள்ளத்துத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து குளத்தில் விட்டது. மதினி பாதையில் டேங்கருக்கு முன்னாலேயே நடந்து, காட்டு ஓரத்தில் ஒரு சொட்டு விழக் கூடாது, நடுவில் மட்டும் விடு என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். டேங்கர் டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் குழாயைச் சுருட்டப் போவார். மதினி விடமாட்டார். குழாயை ஒரு முனையிலிருந்து தோளில் தூக்கித் தூக்கி, உள்ளே நிற்கிற தண்ணீரையும் குளத்தில் வடித்த பிறகுதான் கொடுப்பார். இரண்டாம் நாள் அந்த டிரைவர், அண்ணே, இவுக எப்பயுமே இப்படித்தானா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பொறுமையாக இருப்பா, உனக்கு ரெண்டு நாள்தான், நான் குடும்பத்து ஆள் என்றேன்.

மூன்றாம் நாள் பச்சை விளக்கு எரிந்தது. மணல் தொட்டியை நான் கெஞ்சிக் கூத்தாடி முறையாகக் கழுவவைத்தேன். அந்த அழுக்குத் தண்ணீரையும் டேங்கர்தான் கொண்டுபோனது. நாலைந்து நாளில் குளம் அடித்தரை தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம். பிட்டர் சொன்னது கடைசியில் சரிதானே மதினி, தண்ணியை மாற்றினால்தான் தீர்ந்தது என்று சொல்லிக்காட்டினேன்.

"பிட்டர் என்ன சொன்னாரு? மழ பெஞ்சா சரியாயிரும்னு சொன்னது நான்."

மழை எங்கே பெய்தது என்று கேட்டேன்.

"போன ஐப்பசியில பெஞ்சுச்சு. பள்ளத்துல கெடந்துச்சு. மழத்தண்ணிதான அது?"

இப்படிப்பட்டவரிடம் விவாதம் செய்து ஜெயித்தவர் உண்டா என்று அண்ணனிடம் கேட்க நினைத்திருந்தேன். அண்ணன் சித்திரையில் வந்தார். மதுரையில் இறங்கி, காரில் நேரே காட்டுக்கே வந்துவிட்டார். பெட்டி இறங்கவில்லை, காபி குடிக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. பாயும் மச்சான்மார்களும் கழுத்தளவு தண்ணீரில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் என் முதுகுவலிக்காகத் தண்ணீருக்குள் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் குளத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து தண்ணீரை அள்ளிப் பார்த்தார். மோட்டார் ரூமுக்குள் போய்ப் பச்சை விளக்கைப் பார்த்தார். வெளியே வந்து சட்டையைக் கழற்றினார். பேண்டைக் கழற்றிவிட்டு, அரைக்கால் டிராயரோடு பின்னால், பின்னால், வேலி வரைக்கும் போனார்.

"அண்ணே, வேணாம்" என்றேன். பாய் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார்.

ஓடிவந்து குதித்தார். பாய் அன்று குதித்தது ஒன்றுமே இல்லை. தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து, டைல்ஸைத் தாண்டி, கரிசலில் போய் இறங்க, மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. நாங்கள் எல்லோரும் மதினியைத்தான் பார்த்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் கட்டை மடியிலேயே இருந்தது. எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் அவர் கால் விரல்களை நனைத்துக்கொண்டு போனது. அதைப் போகவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது என்ன மதினி நியாயம், எங்களுக்கெல்லாம் ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா என்று கேட்டேன்.

"நீங்க தெனமும் வாரவுக. அவுக இன்னைக்குத்தான வந்துருக்காக. விருந்தாளிக்கு ஒருக்க உண்டு."

அண்ணன் தலையைச் சிலுப்பிக்கொண்டு நீந்தி வந்தார். நாற்காலிக்குக் கீழே, குளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். முகம் பூராவும் சிரிப்பு. "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "அந்த டிக்கெட்ட என்ன பண்ண?" என்றார்.

மதினி அவரைப் பார்க்கவில்லை. மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீரின் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் கட்டையை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் சாத்தினார்.

"போறதா இருந்தா இன்னொருக்க வேணும்னாலும் குதிச்சுக்கங்க" என்றார். "இருக்கதா இருந்தா, நாளையிலருந்து ஏணி."

மறுநாள் காலையில் நான் போனபோது அண்ணன் குளித்து முடித்திருந்தார். ஏணியின் மேல்படியில், கைகளைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, வடிந்துகொண்டிருந்தார்.